இரண்டாவது ஊசி

(தொழிற்சாலைச் சாலையில் உடல்நலம் – 11)

நாய் கடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் வாயில் வரும் முதல் வார்த்தை, "ஊசி போட்டாச்சா?" என்பதுதான். "போட்டாச்சு" என்று பதில் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. எத்தனை ஊசி, எங்கே போட்டார்கள், கடிவாயில் போட்டார்களா என்ற அடுத்த கேள்விகள் வருவதில்லை. அந்த அடுத்த கேள்வியில்தான் சில உயிர்கள் நிற்கின்றன.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையை இரவு பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கூட்டுச்சாலையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறது. அங்கிருந்து மாத்தூரிலோ வல்லத்திலோ உள்ள வாடகை அறைக்கு அரை கிலோமீட்டர் நடை. வழியில் பிரியாணிக் கடையும் கோழிக்கடையும் கொட்டிய கழிவு. அதைச் சுற்றி ஏழெட்டு நாய்கள். பகலில் கால்மாட்டில் படுத்துக் கிடக்கும் அதே நாய்கள்தான். ஆள் நடமாட்டம் குறைந்ததும் தெரு அவற்றுடையதாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் சுமார் 4.8 லட்சம் பேரை நாய் கடித்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். லட்சங்களுக்கு நடுவே 43 சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் உலகம் முழுவதிலுமே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அறிகுறி வருவதற்கு முன்பு முறையாகச் சிகிச்சை கிடைத்துவிட்டால் அநேகமாக எல்லோரும் பிழைக்கிறார்கள். தவிர்க்கக்கூடிய சாவு என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான நோய் எனக்குத் தெரியாது.

தடுப்பூசி என்ன செய்கிறது? செயலிழக்க வைத்த ரேபிஸ் வைரஸை உடலுக்குக் காட்டுகிறது. ரத்தத்தில் உள்ள பி செல்களில் அந்த வைரஸின் மேலுறைக்குப் பொருந்தக்கூடியவை கண்டெடுக்கப்பட்டு, பல்கிப் பெருகி, எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களாக மாறுகின்றன. அந்த எதிர்ப்பொருள்தான் இம்யூனோகுளோபுலின். ஒய் வடிவப் புரதம். அதன் இரண்டு கைகளும் வைரஸைப் பற்றிக்கொண்டால் வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியாது. வேலை முடிந்த பிறகும் கொஞ்சம் நினைவுச் செல்கள் உடலில் தங்கிவிடுகின்றன. அதே வைரஸ் மறுபடி வந்தால் அவை சில நாட்களிலேயே எழுந்துகொள்ளும்.

இதில் ஒரே சிக்கல், நேரம். முதல் ஊசி போட்ட அன்றைக்கு உடலில் எதிர்ப்பொருள் எதுவும் கிடையாது. போதுமான அளவு சேர ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். ரேபிஸ் வைரஸ் அதற்காகக் காத்திருப்பதில்லை. கடிவாயின் தசையில் சிறிது காலம் தங்கி, பக்கத்து நரம்பு முனைக்குள் புகுந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. நரம்புக்குள் போய்விட்ட வைரஸை ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளால் எட்டிப் பிடிக்க முடியாது. கணுக்காலில் கடித்தால் பயணம் நீளம். முகத்திலோ விரல் நுனியிலோ கடித்தால் ஆபத்து அதிகம். முகத்திலும் விரல் நுனியிலும் நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. குழந்தைகளின் உயரம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் அவர்களுக்குத் தலையிலும் முகத்திலும் கடி விழுகிறது.

அந்த முதல் இரண்டு வாரத்தை நிரப்பத்தான் இரண்டாவது ஊசி. வேறொரு உடல் ஏற்கெனவே தயாரித்து முடித்த எதிர்ப்பொருளை எடுத்து, கடிவாய்க்குள்ளேயே நேராகச் செலுத்திவிடுவது. இந்தச் சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு எளிதாகப் புரியும்: கிணறு வெட்டி ஊற்றுக் காண நாளாகும், அதுவரை லாரித் தண்ணீர். லாரித் தண்ணீர் தீர்ந்துவிடும். செலுத்தப்பட்ட இம்யூனோகுளோபுலினும் சில வாரங்களில் கரைந்துவிடும், நினைவு எதையும் விட்டுவைக்காது. அதனால் ஒன்று போட்டால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

யாருக்கு இது தேவை என்பதற்குத் தெளிவான வரையறை உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், அல்லது நாயின் எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் மூன்றாம் வகை. அதற்கு இரண்டு ஊசியும் வேண்டும். ரத்தம் வராத சிறு கீறல் இரண்டாம் வகை, தடுப்பூசி போதும். நாயைத் தொட்டது, காயமில்லாத தோலை அது நக்கியது முதல் வகை, கழுவினால் போதும்.

இனி அந்த இரண்டாவது ஊசியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கெண்டைக்காலில் நான்கு பல் பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிபட்டவர் அறுபது கிலோ எடை. குதிரையிலிருந்து எடுத்த சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மொத்தம் 2,400. மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 20, மொத்தம் 1,200. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ எட்டு மில்லி மருந்து. நர்ஸ் முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவச் சொல்வார். பிறகு மெல்லிய ஊசியை ஒவ்வொரு பல் தடத்தின் ஓரத்திலும் ஆழத்திலும் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைத் தள்ளுவார். காயத்தைச் சுற்றித் தசை உப்பிக்கொண்டு வரும். வலிக்கும். ஏற்கெனவே பிய்ந்த இடத்தில் மறுபடி மறுபடி குத்துவது வலிக்காமல் எப்படி இருக்கும்? விரலில் கடி என்றால் இன்னும் கடினம். விரலில் மருந்துக்கு இடம் இல்லை, அதிகம் ஏற்றினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். காயம் பல இடங்களில் இருந்தால் மருந்தை சலைனில் கலந்து பெருக்கி எல்லாக் காயத்துக்கும் பகிர்வார்கள். மிச்சத்தைப் பிட்டத்தில் ஏற்றும் பழைய வழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டின் பரிந்துரையில் கைவிட்டது. வைரஸ் இருக்கும் இடம் கடிவாய். மருந்தும் அங்கேதான் வேண்டும்.

இந்த வலியைப் பார்த்துப் பயந்து "தடுப்பூசி மட்டும் போடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சுபவர்கள் உண்டு. போடுபவரும் மனம் இளகிவிட்டால், வெளியில் எல்லாம் முறைப்படி நடந்ததாகத்தான் தெரியும். சீட்டில் தேதி இருக்கும். தோளில் ஊசித் தடம் இருக்கும். கடிவாயில் மட்டும் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது ஊசிக்கு என்ன மதிப்பு என்பதை 1954ஆம் ஆண்டு ஈரானில் ஒரு கிராமத்தில் நடந்த துயரம் காட்டியது. வெறிபிடித்த ஓநாய் ஒன்று ஒரே இரவில் 29 பேரைக் கடித்துக் குதறியது. தெஹ்ரான் பாஸ்டர் நிலையத்தின் மருத்துவர்கள் சிலருக்குத் தடுப்பூசி மட்டும், சிலருக்குச் சீரமும் சேர்த்துக் கொடுத்தார்கள். தலையில் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். சீரமும் பெற்றவர்களில் ஒருவரே இறந்தார். இன்று உலகமெங்கும் கடிவாயில் ஏறும் மருந்துக்கு அந்தக் கிராமத்து மக்களின் ரத்தத்தில் கிடைத்த சாட்சிதான் அடிப்படை.

எதிர்ப்பொருளைக் கடன் வாங்கலாம் என்ற எண்ணம் அதைவிடப் பழையது. 1890இல் பெர்லினில் எமில் ஃபான் பெஹ்ரிங்கும் கிடசாடோ ஷிபசபுரோவும், டெட்டனஸ் நச்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் சீரத்தை வேறொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் தப்பிக்கிறது என்று காட்டினார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் பெஹ்ரிங்குக்குப் போனது. அந்த வழி நமக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் விஷத்தை இருளர்கள் கறந்து தருகிறார்கள். மருந்து நிறுவனங்கள் அதைச் சிறுசிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, குதிரை தயாரிக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துப் பாம்புக்கடி மருந்தாக்குகின்றன. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஏரிக்கரையும் வயலும் தொழிற்சாலையான இந்த மாவட்டங்களில், பாம்பு கடித்த தொழிலாளி ஒருவர் பிழைத்தால் அதில் ஓர் இருளரின் கையும் ஒரு குதிரையின் ரத்தமும் இருக்கிறது. இந்த நன்றியை நாம் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

ஊசிப் பயத்துக்கு வருகிறேன். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் ரேபிஸால் இறந்தார். அப்போது இந்தியாவில் இதற்கான சிகிச்சை இருந்த இடம் இமயமலை அடிவாரத்து கசௌலி. தென்னிந்தியாவில் கடிபட்டவர் அங்கே போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். அந்தச் சாவு எழுப்பிய அதிர்ச்சியிலும், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையிலும் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் நாடு முழுக்கப் போடப்பட்டது செம்பிள் தடுப்பூசி. ஆட்டு மூளையில் வளர்த்த வைரஸைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்த மருந்து. அதைத்தான் தொப்புளைச் சுற்றி நாளுக்கொன்றாகப் போட்டார்கள். மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குக் கைகால் முடக்கம்கூட வந்தது. 2005 வாக்கில் இந்தியா அதை முழுவதுமாக நிறுத்திவிட்டது. இன்றைய ஊசி செல் வளர்ப்பில் தயாராவது, தோளில் போடுவது, பாதுகாப்பானது. ஆனாலும் "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" என்ற பேச்சு ஊர்களில் சாகவில்லை. அதற்குப் பயந்து கடியைச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் காயத்தில் அப்பப்படுவதும் நின்றபாடில்லை.

எதிர்ப்பொருளால் எல்லா நோயையும் வெல்ல முடியும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதே மண் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1968இல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 2.6 லட்சம் பேரைச் சேர்த்து பி.சி.ஜி. தடுப்பூசி சோதிக்கப்பட்டது. உலகிலேயே பெரிய காசநோய்த் தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. காசநோய்க் கிருமி நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. எதிர்ப்பொருள் வெளியே இருப்பதைத்தான் பிடிக்கும். குழந்தைகளைக் கொடிய மூளைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பதால் அது இன்னும் போடப்படுகிறது.

டெட்டனஸும் ரேபிஸைப் போலவே நேரக் கணக்குத்தான். அதன் நச்சு நரம்பைப் பற்றிக்கொண்டுவிட்டால் எந்தச் சீரமும் அதைப் பிரித்தெடுக்காது. பிரஸ் ஷாப்பில் தகடு கையைக் கிழித்தால் முதலுதவி அறையில் "டி.டி. போட்டுக்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். சிறுவயதில் முழுத் தவணையும் போட்டவருக்கு அது சரி. தடுப்பூசித் திட்டம் ஊருக்கு வராத காலத்தில் ஒடிசாவிலோ பிகாரிலோ பிறந்த ஐம்பது வயது கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது போதாது. துரு ஏறிய தகடு கிழித்த ஆழமான காயம் என்றால் அவருக்கும் 250 யூனிட் டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் என்ற இரண்டாவது ஊசி வேண்டும். "சின்ன வயசுல ஊசி போட்டிருக்கா?" என்று அவர் மொழியில் கேட்க முதலுதவி அறையில் ஓர் ஆள் வேண்டும்.

நாய்க்கடித் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. தோலுக்குள் போடும் முறையில் கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு வருகை. ஒவ்வொரு முறையும் இரு தோளிலும் 0.1 மில்லி. இம்யூனோகுளோபுலினுக்குப் பெரும்பாலும் பெரிய அரசு மருத்துவமனைக்கு, காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ, போக வேண்டியிருக்கும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் அதைப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு உடலே எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கியிருக்கும். இரவு ஷிப்டில் இருப்பவர் பகல் ஓ.பி.க்கு வருவதற்குத் தூக்கத்தை இழக்க வேண்டும். பகல் ஷிப்டில் இருப்பவர் அரைநாள் சம்பளத்தை இழக்க வேண்டும். மூன்றாம் நாள் வருகிறார். ஏழாம் நாள் காணவில்லை. இருபத்தெட்டாம் நாளுக்குள் கான்ட்ராக்டர் அவரை வேறு யூனிட்டுக்கு மாற்றியிருப்பார். கடித்த நாய் நலமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பத்து நாள் கண்ணெதிரே வைத்துப் பார்த்த நாய் என்றால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். இரவில் கடித்த நாய் எது என்றே தெரியாதபோது அந்தத் தைரியம் செல்லாது.

ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஷிப்ட் அட்டவணை போடும் மனிதவளப் பிரிவுகள் இங்கே இருக்கின்றன. நாய்க்கடி பட்ட ஒருவரின் நான்கு தேதிகளையும் அந்த அட்டவணையில் சம்பளப் பிடித்தம் இல்லாத இரண்டு மணி நேர அனுமதியாக ஏற்றிவிட முடியும். முதல் நாளில் பெரிய மருத்துவமனைக்குப் போய் வர கம்பெனி வண்டியைக் கொடுக்க முடியும். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகளுக்கும் இரவில் கேன்டீன் கழிவு கொட்டப் போகிறவர்களுக்கும் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டு வைக்கவும் முடியும். அப்படிப் போட்டுக்கொண்டவரையோ, ஒருமுறை முழுத் தவணையும் முடித்தவரையோ நாய் மறுபடி கடித்தால், கழுவிய பிறகு அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என்று இரண்டே தடுப்பூசி வருகை போதும். கடிவாயில் குத்தும் அந்த ஊசி அவருக்குத் தேவையில்லை. நினைவுச் செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன.