ஒரு படம், இரண்டு ஹோட்டல்: ‘ஸ்கூல் டேஸ்’ செட்டுக்குள் ஒரு சுற்று!

ஸ்பைக் லீயின் ‘ஸ்கூல் டேஸ்’ படத்தில் மாணவர்கள் ஒருவரையொருவர் எரித்துவிடுவதுபோல் முறைப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? அதில் பாதி நடிப்பே இல்லை! எப்படி என்கிறீர்களா? வாங்க, அட்லாண்டாவில் நடந்த அந்தப் படப்பிடிப்புக்குள் நுழைந்து பார்க்கலாம்.

1988 பிப்ரவரியில் வெளிவந்த படம். ‘மிஷன் காலேஜ்’ என்கிற கற்பனையான கறுப்பினக் கல்லூரியில் பழைய மாணவர்கள் கூடும் ஒரு ‘ஹோம்கமிங்’ வார இறுதிதான் கதை. வெளிர் நிறமும் நேராக்கிய கூந்தலுமாக ‘வானபீஸ்’ ஒரு பக்கம். கறுத்த மேனியும் சுருள்முடியுமாக ‘ஜிகபூஸ்’ மறுபக்கம். லீ என்ன செய்தார் தெரியுமா? வானபீஸ் நடிகர்களை நல்ல ஹோட்டலில் தங்க வைத்தார். மற்றவர்களுக்கு அதைவிட மட்டமான ஹோட்டல்! இரு தரப்பும் ஒட்டி உறவாடக் கூடாது என்பதுதான் திட்டம். புகைச்சல் கிளம்பியது. கால் தட்டி ஆடும் ‘ஸ்டெப் ஷோ’ நடனக் காட்சியை எடுத்தபோது நிஜமாகவே கைகலப்பு! ஸ்கிரிப்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. கேமராவோ நிற்காமல் ஓடியது!

படத்தில் வரும் அழகு நிலையப் பாட்டுக்கு வருவோம். முடியை வைத்து இரண்டு கோஷ்டிப் பெண்களும் போடும் ஆட்டச் சண்டை! அவர்கள் கையில் இருக்கும் விசிறிகளைப் பாருங்கள். ‘கான் வித் த விண்ட்’ நாயகி விவியன் லீயின் முகமும், அதில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலின் முகமும் இருக்கும். 1939-ல் அந்தப் படத்தின் முதல் காட்சி நடந்ததும் இதே அட்லாண்டாவில்தான். நிறப் பாகுபாட்டால் மெக்டேனியல் அன்று அரங்குக்கு வர முடியவில்லை. இந்த வரலாறு தெரிந்தபின் அந்த விசிறிகளைப் பாருங்கள், சிரிப்பு தொண்டையில் சிக்கும்!

படப்பிடிப்பு நடந்த மோர்ஹவுஸ், லீ 1979-ல் பட்டம் வாங்கிய கல்லூரி. அப்பாவும் தாத்தாவும் படித்ததும் அங்கேதான். ஆனாலும் பாதிப் படப்பிடிப்பில் நிர்வாகம், “கல்லூரியின் பெயர் கெட்டுவிடும்” என்று பயந்து வெளியேறச் சொல்லிவிட்டது. லீ அசரவில்லை. பக்கத்திலேயே இருந்த அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்கு மூட்டையைக் கட்டினார், மிச்சத்தை முடித்தார்.

இப்போது முகங்களைப் பாருங்கள்! போராட்டக்கார மாணவன் டாப், பின்னாளில் ‘மேட்ரிக்ஸ்’ மார்ஃபியஸாக வந்த லாரன்ஸ் ஃபிஷ்பர்ன். எதிரணித் தலைவன், ‘பிரேக்கிங் பேட்’ கஸ்ஸாக நம்மை நடுங்க வைத்த ஜியான்கார்லோ எஸ்போசிடோ! கோழிக் கடையில் கல்லூரிப் பையன்களை வம்புக்கு இழுக்கும் உள்ளூர் ஆள் யார்? தலையில் ஷவர் கேப்போடு சாமுவேல் எல். ஜாக்சன்! அவரும் மோர்ஹவுஸ் மாணவர்தான். படிக்க வந்தவர்கள்மீது உள்ளூர்க்காரர்களுக்கு இருக்கும் கோபத்தை ஒரே காட்சியில் கொட்டிவிட்டுப் போகிறார். உடைகள்? ரூத் கார்ட்டருக்கு இது முதல் படம். பிறகு ‘பிளாக் பேந்தர்’ படங்களுக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான்!

நிறம், முடி, ஜம்பம் என்று வீட்டுக்குள் மட்டும் பேசிய சங்கதிகளைப் பாட்டும் கூத்துமாக வெள்ளித்திரையில் போட்டு உடைத்தார் லீ. வெளியாள் செய்தால் அது கேலி. அந்தக் கல்லூரியிலேயே மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பத்துப் பிள்ளை செய்யும்போது அது உரிமை, அக்கறை. தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராகக் கல்லூரி தன் முதலீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று டாப் போராடும் நேரத்தில், வளாகத்துக்குள்ளேயே நிறச் சண்டை நடக்கிறது. படத்தின் கூர்மையான குத்து இதுதான்.

கடைசியில் டாப் மணியடித்து, கல்லூரியையே கூட்டி, எல்லோரையும் விழித்தெழச் சொல்கிறான். அடுத்த ஆண்டு வெளிவந்த லீயின் ‘டூ த ரைட் திங்’ எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அதே விழித்தெழும் அழைப்போடு! இந்த முறை ரேடியோவில் அழைப்பவர் சாமுவேல் எல். ஜாக்சன். இரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள், சத்தியமாகச் சிலிர்க்கும்!