மிதிவண்டியில் பணிக்குச் செல்வோருக்கான கேரியரும் பையும்

மிதிவண்டிக் கேரியர் என்பது மிதிவண்டியின் பின்சக்கரத்திற்கு மேல் பொருத்தப்படும், சுமை ஏற்றுவதற்கான உலோகச் சட்டம் ஆகும். எழுத்து வழக்கில் இது சுமைதாங்கி எனவும் குறிக்கப்படும். பணிக்குச் செல்பவர் உணவு, குடிநீர், மாற்றுடை, கருவிகள், மடிக்கணினி போன்றவற்றை எடுத்துச்செல்லக் கேரியர், அதில் மாட்டும் பக்கப்பை, முன்கூடை, முதுகுப்பை ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்துகிறார். எது ஏற்றது என்பது சுமையின் எடை, வண்டியின் அமைப்பு, செல்லும் சாலை, வண்டியை நிறுத்தும் இடம் ஆகிய நான்கையும் பொறுத்தது. பொதுவாக ஓட்டுபவரின் உடலைவிட வண்டியே சுமையைத் தாங்குவது நல்லது. அச்சுமை தாழ்வாகவும், அசையாமலும், சக்கரத்தில் சிக்காமலும் இருக்க வேண்டும். மதுரை சிம்மக்கல் பகுதியின் சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இவற்றை விளக்குகிறது.

பெயர்

தமிழகத்தில் கேரியர் என்ற சொல் உணவு எடுத்துச்செல்லும் அடுக்குப் பாத்திரத்தையும் குறிக்கும். மிதிவண்டியின் கேரியரை வேறுபடுத்திக் காட்ட 'சைக்கிள் கேரியர்' என்றும், பாத்திரத்தை 'டிபன் கேரியர்' அல்லது 'தூக்கு' என்றும் மக்கள் சொல்வர். சுமைதாங்கி என்பது மிதிவண்டிக்கு முற்பட்ட சொல். தலைச்சுமையுடன் நடந்து செல்வோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்வதற்காகச் சாலையோரம் நிறுத்தப்பட்ட கல்லுக்கு அப்பெயர் வழங்கியது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இக்கற்களை நாட்டும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது.

வரலாறு

இரு சம அளவுச் சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட ரோவர் மிதிவண்டியை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் உருவாக்கினார். இன்றைய மிதிவண்டிகளின் அமைப்பு இதிலிருந்து வந்ததே. தமிழகத்தில் 1949-இல் சென்னை அம்பத்தூரைக் களமாகக் கொண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. கனமான இரும்புச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், பெரிய ஸ்டாண்டு, பின்கேரியர் ஆகியவற்றுடன் கூடிய வண்டியே பல பத்தாண்டுகள் இங்கு பொதுவான மிதிவண்டியாக இருந்தது. பால் கேன், காய்கறி மூட்டை, தண்ணீர்க் குடம், துணிப் பொதி எனப் பலவும் இந்தக் கேரியரில் ஏறின.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவுடன் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டுவதையும் கற்றுக்கொடுத்தது. ஓட்டக் கற்ற பெண்கள் பேருந்துக்குக் காத்திராமல் விளைபொருளையும் தண்ணீரையும் தாங்களே கேரியரில் வைத்துக் கொண்டுசெல்ல முடிந்தது. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் 2005-06-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விரிவாக்கப்பட்டது. மாணவர் படிப்பை முடித்தபின் அவ்வண்டியை வீட்டிலுள்ள பெரியவர்கள் வேலைக்கு எடுத்துச்செல்வதும் உண்டு.

இன்று விற்கப்படும் கியர் வண்டிகள் பலவற்றில் கேரியரும் மட்கார்டும் இருப்பதில்லை. பழைய வண்டியில் கேட்காமலே கிடைத்த ஒன்றை, புதிய வண்டி வாங்குபவர் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டியுள்ளது.

சுமையைக் கணக்கிடுதல்

பையைப் பார்ப்பதற்கு முன் அன்றாடம் எடுத்துச்செல்லும் பொருள்களை நிறுத்துப் பார்ப்பது முதல் படி. ஒரு லிட்டர் குடிநீர் ஒரு கிலோ எடை கொண்டது. அதனுடன் இரண்டு கிலோ மடிக்கணினி, ஒரு கிலோ உணவுப் பாத்திரம், மழைக்கோட்டு, பூட்டு ஆகியன சேர்ந்தால் அலுவலகப் பணியாளரின் சுமை ஐந்து அல்லது ஆறு கிலோ ஆகிவிடும். கரணை, சுத்தியல், மட்டப்பலகை, தூக்குக்குண்டு எடுத்துச்செல்லும் கொத்தனாருக்கும், துளையிடும் இயந்திரம் எடுத்துச்செல்லும் மின்பணியாளருக்கும் இது பத்து கிலோவைத் தாண்டக்கூடும். இரண்டு கிலோவுக்குள் இருக்கும் சுமைக்கு எந்தப் பையும் போதும். அதற்கு மேல் போனால் சுமை இருக்கும் இடம் முக்கியமாகிறது.

வகைகள்

முதுகுப்பை: தனிச் செலவு இல்லாதது. வண்டியை நிறுத்தியதும் பையும் ஆளுடன் போய்விடும். சாலைக் குண்டு குழிகளின் அதிர்வை உடல் ஓரளவு தாங்கிக்கொள்வதால் மடிக்கணினிக்கும் பாதுகாப்பு. ஆனால் சுமை தோளிலும் இடுப்பிலும் இறங்குகிறது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த அமைப்பின் ஈர்ப்புமையம் உயர்வதால் திருப்பங்களில் தள்ளாட்டம் கூடுகிறது. முதுகில் காற்றுப் படாமல் வியர்வை உலர்வதில்லை.

கைப்பிடியில் தொங்கும் பை: மஞ்சப்பையையோ ஒயர் கூடையையோ கைப்பிடியில் மாட்டிச்செல்வது எங்கும் காணப்படும் பழக்கம். இதுவே மிகுந்த ஆபத்துடையதும் ஆகும். பை ஊசலாடும்போது கைப்பிடியும் உடன் இழுபடும். பையின் காது முன்சக்கரத்தின் ஆரக்கம்பிகளில் (போக்ஸ் கம்பி) சிக்கினால் முன்சக்கரம் திடீரென நின்று, ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார்.

முன்கூடை: பொருள் கண்ணெதிரே இருக்கும், எடுக்கவும் வைக்கவும் எளிது. கைப்பை, உணவு, குடை போன்ற இலேசான பொருள்களுக்கு ஏற்றது. கூடை கைப்பிடியுடன் சேர்ந்து திரும்புவதால் அதில் எடை கூடக் கூட வண்டியைத் திருப்புவது கடினமாகும். மூன்று கிலோ அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பின்கேரியரின் மேல் கட்டும் சுமை: பழைய டியூபை நீளவாக்கில் கீறி எடுத்த ரப்பர் பட்டையால் பையைக் கேரியரில் இறுக்கிக் கட்டுவது செலவில்லாத, நம்பத்தக்க முறை. பட்டையின் நுனி தொங்காமல் செருகப்பட வேண்டும். கேரியரின் சுருள்வில் பிடி தாள்களையும் சிறு பொதியையும் மட்டுமே பிடிக்கும். கனமான பையை அதை மட்டும் நம்பி வைக்கக் கூடாது.

பக்கப்பை: கேரியரின் பக்கவாட்டில் கொக்கிகளால் மாட்டப்படும் பை. தபால்காரர், பால் விற்பவர் முதலியோர் நெடுங்காலமாகக் கையாண்ட முறையின் மேம்பட்ட வடிவம் இது. சுமை அச்சுக்கு அருகில் தாழ்வாக அமைவதால் வண்டி நிலையாக ஓடும். முதுகிலும் சுமை இருக்காது. ஆயத்தப் பைகளின் விலை மிகுதியாகத் தோன்றினால், பை தைப்பவரிடம் கேன்வாஸ் அல்லது தார்பாய்த் துணியில் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். சக்கரத்தை நோக்கிய பக்கத்தில் மெல்லிய பலகையோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிடில் துணி உள்வாங்கி ஆரக்கம்பிகளில் உரசும்.

வண்டிக்கு ஏற்ற கேரியர்

கேரியரின் கால்கள் வண்டியின் சட்டத்தில் எங்கே பொருந்துகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பின்அச்சுக்கு அருகிலும் இருக்கைக்குக் கீழும் மரையுள்ள சிறு துளைகள் இருந்தால், திருகாணியால் பொருத்தும் கேரியரே உறுதியானது. பழைய மாதிரி வண்டிகளில் கேரியரின் கால்கள் அச்சின் நட்டுகளிலேயே இணைக்கப்படும். துளைகள் இல்லாத வண்டிகளில் சட்டக் குழாயைச் சுற்றி இறுக்கும் பட்டைகள் பயன்படும். இருக்கைத் தண்டில் மட்டும் பிடித்து, கால்களின்றிப் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் கேரியர், ஏறத்தாழ பத்து கிலோவுக்குள்ளான சுமைக்கே உரியது. இறுக்கம் தளர்ந்தால் பக்கவாட்டில் சுழன்றும்விடும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு, பிரேக்கின் மீது இடிக்காதவாறு கால்கள் விலகி அமைந்த கேரியர் தேவை. கேரியருக்காகச் சட்டக் குழாயில் புதிதாகத் துளையிடக் கூடாது. குழாய் வலுவிழந்து விரிசல் காணும்.

இரும்புக் கேரியர் கனமானது, துருப்பிடிப்பது. ஆனால் உடையும் முன் வளைந்து காட்டும். வளைந்ததை நிமிர்த்தவும், முறிந்ததைப் பற்றவைக்கவும் பக்கத்துப் பட்டறையே போதும். அலுமினியக் கேரியர் இலேசானது, துருப்பிடிக்காதது. அதில் விரிசல் விழுந்தால் பற்றவைப்பது எல்லாப் பட்டறைகளிலும் இயலாது. கருவிப்பை சுமக்கும் தொழிலாளிக்கு இரும்பும், இலேசான வண்டியில் அலுவலகம் செல்பவருக்கு அலுமினியமும் பொருந்தும்.

சிம்மக்கல் பகுதியில்

சிம்மக்கல், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு வடக்கே, வைகையின் தென்கரையை ஒட்டிய பகுதி. மாவட்ட மைய நூலகம் இங்கு உள்ளது. இங்கிருந்து யானைக்கல் வழியாக 1889-இல் கட்டப்பட்ட ஏ.வி. பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையம். தெற்கே மாசி வீதிகளும் கடைவீதிகளும் உள்ளன. நிலம் பெரும்பாலும் சமதளமானது என்பதால் ஐந்து கிலோமீட்டர் தொலைவை இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் கடக்கலாம். மேடேறும் சிரமம் இல்லாததால் கேரியரின் கூடுதல் எடை இங்கு பெரிய தடையாவதில்லை. நெரிசலே தடை.

நெரிசலான வீதியில் பையின் அகலத்திற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. இரு பக்கப்பைகளின் வெளிவிளிம்புகளும் கைப்பிடியின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். கைப்பிடி நுழையும் இடைவெளியில் பைகளும் நுழைந்துவிடும். ஒரே பை என்றால் அதை இடப்புறம் மாட்டுவது நல்லது. நம் சாலைகளில் பின்வரும் வண்டிகள் வலப்புறமாக முந்துவதால் பை அவற்றில் இடிபடாது. வலப்புறமுள்ள சங்கிலியின் எண்ணெய்க் கறையும் படாது. இதில் ஒரு குறையும் உண்டு. பக்க ஸ்டாண்டில் வண்டி இடப்புறம் சாய்ந்து நிற்பதால் பையின் எடை அதைக் கவிழ்க்கக்கூடும். எனவே பையைக் கழற்றிய பின்பே பக்க ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பெரிய ஸ்டாண்டு உள்ள வண்டியில் இத்தொல்லை குறைவு.

வண்டியைச் சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுச்செல்பவருக்கு எளிதில் கழற்றித் தோளில் மாட்டக்கூடிய பையே உகந்தது. அலுவலகத்துக்குள்ளேயே வண்டியை வைப்பவர் நிலையாகக் கட்டிய கூடையையோ பெட்டியையோ பயன்படுத்தலாம்.

வெயிலும் மழையும்

சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலில் முதுகுப்பையுடன் செல்பவர் அலுவலகம் சேரும்போது சட்டையின் முதுகுப்பகுதி நனைந்திருக்கும். பையைக் கேரியருக்கு மாற்றினாலே இது பெருமளவு குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின்போது மேலிருந்து விழும் நீரைவிடச் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீரே பக்கப்பையை மிகுதியாக நனைக்கும். ஆகவே மட்கார்டு இல்லாத வண்டிக்கு முதலில் அதைப் பொருத்த வேண்டும். வாயைச் சுருட்டி மூடும் பையில் நீர் எளிதில் புகாது. சாதாரணப் பையாயின் உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றை வைத்து அதற்குள் பொருள்களை வைக்கலாம்.

சுமையேற்றிய வண்டி நிற்க அதிகத் தொலைவு எடுக்கும். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டையின் பிடிப்பும் குறையும். மழையில் வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு ஓட்டுவது அவசியம்.

கேரியரில் குழந்தைகள்

பழைய இரும்புக் கேரியரில் ஆளை ஏற்றி 'டபுள்ஸ்' போவது வழக்கம். புதிய இலேசான கேரியர்கள் பலவற்றின் தாங்குதிறன் 25 கிலோ அளவே. அது கேரியரிலோ அதன் அட்டையிலோ குறிக்கப்பட்டிருக்கும். வேலைக்குச் செல்லும் வழியில் குழந்தையைப் பள்ளியில் விடுபவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எடை தாங்கினாலும் மற்றோர் ஆபத்து உள்ளது. பின்னால் அமரும் குழந்தையின் கால் ஆரக்கம்பிகளுக்கிடையே சிக்கி, குதிகாலும் கணுக்காலும் காயமடைவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விபத்து. சக்கரத்தின் இருபுறமும் சேலை கார்டு போன்ற தடுப்பு, கால் வைக்கத் தனிப் படி, பிடித்துக்கொள்ள உறுதியான பிடி ஆகிய மூன்றும் இன்றிக் குழந்தையைக் கேரியரில் அமர்த்துவது பாதுகாப்பானதன்று. சேலை, துப்பட்டா சிக்குவதையும் இதே தடுப்பு தவிர்க்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

- பையில் வழக்கமான சுமையை வைத்து, கேரியரில் மாட்டி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றும்போது செருப்பணிந்த குதிகால் பையில் இடிக்கிறதா எனப் பார்த்தல். இடித்தால் பையைப் பின்னே தள்ளி மாட்ட வேண்டும்.
- வண்டியைத் தூக்கிக் குலுக்கினால் கொக்கி கழலாமல் இருத்தல்.
- பட்டை, நாடா, கயிறு எதுவும் சக்கரத்தை நோக்கித் தொங்காமல் இருத்தல்.
- பின்புறச் சிவப்பு விளக்கும் ஒளிதிருப்பியும் பையால் மறைக்கப்படாமல் இருத்தல். மறைத்தால் அவற்றைக் கேரியரின் பின்முனைக்கு மாற்ற வேண்டும்.
- கனமான பொருள் பையின் அடியிலும், அச்சுக்கு நேராகவோ சற்று முன்னதாகவோ அமைதல்.

பராமரிப்பு

அதிர்வால் கேரியரின் திருகாணிகள் மெல்லத் தளரும். மாதம் ஒருமுறை அவற்றை இறுக்கிவிடுவது போதுமானது. சுமையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இறங்குவதால் அதன் டயரில் காற்றுக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரக்கம்பி ஒன்று முறிந்தாலும் தாமதிக்காமல் மாற்றுவது நல்லது; ஒன்றின் பளு அடுத்தவற்றில் ஏறி அவையும் முறியத் தொடங்கும். கேரியரின் கால்கள் பற்றவைக்கப்பட்ட இடங்களில் துருவோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் அதைச் சரிசெய்யும்வரை சுமை ஏற்றக் கூடாது.