எலி தின்ற ஆயிரம் பறவைகள்!

பெட்டியைத் திறந்தார் ஆடுபன். திடுக்கிட்டார்!

உள்ளே ஓர் எலிக் குடும்பம் குடியிருந்தது. சுற்றிலும் காகிதத் துணுக்குகள். பல ஆண்டுகளாக அவர் வரைந்து சேர்த்த பறவைப் படங்கள் அவை. ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் எலிக்கு இரையாகிவிட்டன!

இது சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தில் நடந்தது.

பல இரவுகள் தூக்கமே வரவில்லை என்று பின்னால் அவரே எழுதினார். பிறகு துப்பாக்கி, நோட்டு, பென்சில் மூன்றையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் புறப்பட்டார். மூன்றே ஆண்டுகளில் பெட்டி மறுபடியும் நிறைந்தது!

கடனும் சிறையும்

ஜான் ஜேம்ஸ் ஆடுபன் 1785-ல் பிறந்தவர். 18 வயதில் அமெரிக்கா வந்தார். கடை வைத்தார். மரம் அறுக்கும் மில் நடத்தினார். ஆனால் மனம் கடையில் இல்லை, காட்டில் இருந்தது. வியாபாரம் நொடித்தது. 1819-ல் கடனுக்காகச் சிறைக்குப் போனார்.

குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி லூசி. பள்ளிக்கூடம் நடத்தி, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார்.

படங்களைப் புத்தகமாக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்கவில்லை. லூசி சேர்த்து வைத்த பணமும் கைகொடுக்க, 1826-ல் ஆடுபன் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

செம்புத் தகடு

இன்று போல வண்ண அச்சு அன்று இல்லை. படத்தைச் செம்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்குவார்கள். கோடுகளில் மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டுவார்கள்.

எடின்பரோ நகரில் முதல் 10 படங்கள் தயாராயின. அதற்குள் வண்ணம் தீட்டுவோர் வேலை நிறுத்தம் செய்தார்கள்! லண்டனில் ராபர்ட் ஹாவெல் என்பவர் வேலையை ஏற்றார். 1838-ல் முடித்தார். மொத்தம் 435 படங்கள்! புத்தகத்தின் பெயர் "அமெரிக்கப் பறவைகள்".

பறவை எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவு பெரிது. அதற்காகவே தாளின் உயரம் சுமார் மூன்றேகால் அடி. அதிலும் பூநாரை அடங்கவில்லை. அது தலையைக் குனிந்து நிற்பது போல வரைந்துவிட்டார் ஆடுபன்!

2010-ல் லண்டனில் ஒரு பிரதி 70 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போயிற்று.

புறா எங்கே?

பறவைகளைச் சுட்டு, கம்பி கொடுத்து நிறுத்தித்தான் ஆடுபன் வரைந்தார். பறவைகளுக்கு அன்று குறைவு ஏது? 1813-ல் பயணப் புறாக்கள் கூட்டமாகப் பறந்ததைக் கண்டார். நடுப்பகலில் சூரியன் மறைந்தது. மூன்று நாள் பறந்தும் கூட்டம் தீரவில்லையாம்!

அந்தப் புறாக்களை மக்கள் இறைச்சிக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். காடுகளை வெட்டினார்கள். 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் கடைசிப் புறா செத்தது. அதன் பெயர் மார்த்தா.

ஆடுபன் வரைந்த ஜோடிப் புறா மட்டும் இன்னும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு இரை ஊட்டுகிறது.

எலி தின்ற படங்களை மறுபடியும் வரைய முடிந்தது. மனிதன் தின்ற புறாவை யாரால் திருப்பிக் கொண்டுவர முடியும்?