கூழும் இருதயமும்

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தருகே நின்று, நீர் நடுவே கிடக்கும் கடற்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் காற்றோடு வரும் கருவாட்டு வாசனை எவருக்கும் பசியை உண்டாக்குமாயினும், இருதயத்தின் க்ஷேமத்தைக் கருதுவோர் அவ்வாசனையோடு திருப்தியடைந்து, அன்று பிடிபட்ட சூடையையோ சாளையையோ வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதே உத்தமம். மலிவென்று அலட்சியம் செய்யப்படும் இச்சிறு மீன்களின் கொழுப்பிலேதான் இருதயத்துக்கு இதமான ஒமேகா-3 இருக்கிறது. பொரிக்காமல் சொதி வைத்தால் விசேஷம்.

ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பகற்றி, மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் சேர்த்து, பழப்புளி கரைத்துக் காய்ச்சும் கூழோ, நார்ச்சத்தும் புரதமும் ஒருங்கே அமைந்த ஆகாரம். அதைப் பனையோலைப் பிளாவில் ஏந்திச் சுற்றத்தாரோடு கூடியிருந்து குடிக்கும் சுகம், எந்த வைத்தியரும் துண்டில் எழுதித்தர முடியாதது.

உப்புத்தான் சத்துரு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் ஒரே கோப்பையில் கூடினால் அந்த எல்லை எங்கே நிற்கும்? இரத்த அழுத்தம் ஏறும். இருதயத்துக்கு வேலை இரட்டிக்கும்.

காரைநகருக்குப் பாதையென்னும் மிதவையேறப் போகிறவர்கள், இருதயத்தின் பொருட்டுத் துறைவரை நடந்தே போகலாம். மேடென்று சொல்ல ஊர்காவற்றுறை இருக்கும் இத்தீவில் ஒன்றுமில்லை.