கூன்வண்டும் கொடைப்பணமும்

1887ஆம் ஆண்டின் ஹாட்ச் சட்டம், அமெரிக்க மாநிலம் ஒவ்வொன்றுக்கும் வேளாண் ஆய்வு நிலையம் நடத்த ஆண்டுக்கு 15,000 டாலர் வழங்கியது. ஆய்வறிக்கைகள் அச்சேறி உழவருக்கு அஞ்சலில் சென்றன. அறிஞர் மட்டும் நிலையத்தின் வேலிக்குள்ளேயே நின்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் எண்ணம் டெக்சஸ் உழவருக்கும் இருந்தது.

மெக்சிகோவிலிருந்து 1892 அளவில் வந்து புகுந்த பருத்திக் கூன்வண்டு அவ்வேலியைத் தகர்த்தது. 1903இல் டெக்சஸின் டெரல் என்னும் ஊரில் வேளாண் அறிஞர் சீமன் நாப், ஆய்வு நிலையத்தை விடுத்து, உழவர் ஒருவரின் 70 ஏக்கரையே செயல்விளக்கக் களமாக்கினார். விளைச்சல் பொய்த்தால் ஈடுசெய்ய ஊர் வணிகர்கள் நிதி திரட்டி வைத்தனர். பருத்தி வீழ்ந்தால் அவர்தம் கடையும் வீழுமன்றோ! இழப்பு நேரவில்லை. பழைய முறையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட 700 டாலர் மிகுதி என்றார் உழவர். நாப் கண்டவற்றுள் தலையாயது அந்த ஈட்டுநிதியே என்பேன். புதுமையின் இடரைத் தனியொருவன் சுமக்க வேண்டாதபோதுதான் அறிஞர் சொல் வயலில் இறங்கியது.

பின்னர் நிகழ்ந்தது விந்தை. இத்தகைய செயல்விளக்கப் பணிக்கான நடுவணரசின் பணம் வண்டை எதிர்க்கவென ஒதுக்கப்பட்டது. ஆதலின் வண்டு புகுந்த மாநிலங்களுக்கே சென்றது. வண்டு எட்டாத தென்மாநிலங்களின் செலவை 1906 முதல் ராக்பெல்லர் கொடையில் இயங்கிய பொதுக் கல்வி வாரியம் ஏற்றது. பயிர் ஒன்று, பாடம் ஒன்று. எவ்வூர்ச் செயல்விளக்க அலுவலருக்கு எவர் ஊதியம் தருவார் என்பதை ஒரு பூச்சியின் எல்லை வகுத்தது.

1914இன் ஸ்மித்-லீவர் சட்டம் இப்பணியை வேளாண் விரிவாக்கம் என்னும் பெயரில் நாடெங்கும் நிலைநிறுத்தியது. மாநிலத்துக்கு 10,000 டாலர் அடிப்படைத் தொகை. அதற்குமேல் பெறும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலமோ வட்டாரமோ உள்ளூர் அமைப்போ ஒரு டாலர் ஈடு காட்ட வேண்டும். உள்ளூர்ப் பங்கு என்பது செவிக்கு இனிய சொல். பல இடங்களில் அப்பங்கைச் செலுத்தியவை சந்தா உறுப்பினரைக் கொண்ட ஃபார்ம் பியூரோ என்னும் உழவர் சங்கங்கள். சந்தா கட்ட வல்லவர் வயலுக்கே அலுவலர் அடிக்கடி செல்கிறார் என்னும் முறையீடு நெடுங்காலம் ஓயவில்லை.

தெற்கிலோ பிளவு இன்னும் ஆழம். எக்கல்லூரி பணம் பெறும் என்பதை மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்க விட்டதால், கறுப்பின மக்களின் கல்லூரிகள் புறந்தள்ளப்பட்டன. இத்தனைக்கும் 1906லேயே டஸ்கீகி என்னும் கறுப்பினக் கல்வி நிலையத்திலிருந்து தாமஸ் கேம்பெல், வங்கியாளர் மோரிஸ் ஜெசப் கொடையால் உருவான வண்டியில் வேளாண் கருவிகளை ஏற்றிக்கொண்டு கறுப்பின உழவரின் வயல்தோறும் சென்றிருந்தார். அக்கல்லூரிகளின் விரிவாக்கப் பணிக்கு நடுவணரசின் நேரடி நிதியைச் சட்டம் நிலையாக உறுதி செய்தது 1977இல்.