பிரித்தவர் கையில் தேர்வு இல்லை

சிப்பியை ஓடு திறக்காமல் ஏலம் விடுவதும் ஒருவகைச் சூதாட்டம்தான். உள்ளே முத்து இருக்கிறதா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. முத்துக்குளித்துறைக் கரையில் இந்த ஆட்டம் நூற்றாண்டுகளாக நடந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அரசே அதை நடத்தியது. தூத்துக்குடிக்கு அப்பால் தொலையாயிரம் பார் என்ற சிப்பித் திட்டில் 1889இல் நடந்த சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த ஆட்டத்துக்கும் ஒரு நெறிமுறை இருந்தது. மன்னார் வளைகுடாச் சலாபங்களில் மாலையில் படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பியெல்லாம் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைத்த இடத்துக்குப் போகும். படகுக்காரர்களே அதை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அரசுக்கு உரிய இரண்டு எவை என்று அதிகாரி கைகாட்டுவார். மிஞ்சிய ஒன்று குளித்தவர்களுக்கு. பிரித்தவர் கையில் தேர்வு இல்லை, தேர்ந்தவர் கையில் பிரிப்பு இல்லை. ஏமாற்ற நினைக்கும் கை தன்னையே ஏமாற்றிக்கொள்ளும்படி அமைத்த இந்த ஏற்பாட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். கடலிலேயே சிப்பியைத் திறப்பது குற்றம். அதைப் பார்த்துக்கொள்ளப் படகில் காவலரும் போவதுண்டு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று எல்லார் காதிலும் விழ ஏலம் போனது.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். மூச்சடக்கிக் கல்லைக் கட்டி இறங்கியவர்களின் காதும் நுரையீரலும் என்ன ஆயின என்பதை எந்த விதியும் கேட்கவில்லை. கொட்டுக்கு வெளியே சில காசுக்குச் சில சிப்பி வாங்கி, ஒன்றுமில்லாமல் போன ஏழையை யாரும் தடுக்கவில்லை. பணம் படைத்தவர்களும் தோற்றார்கள். 1906இல் இலங்கைப் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்த லண்டன் கம்பெனிக்கு, 1907க்குப் பிறகு குளிக்கச் சிப்பியே கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955இல் தொடங்கிய தொடர் சலாபம் 1961இல் முடிந்தது, அதுவே கடைசி.

இன்று இந்தக் கரையில் மீன் ஏலம் போகிறது. பொருளைக் கண்ணால் பார்த்து, விலையைக் காதால் கேட்டு வாங்குகிறார்கள். திறக்காத சிப்பியின் இடத்துக்குக் கைப்பேசி வந்துவிட்டது. அன்று ஆண்டின் சில வாரங்கள், அதுவும் சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும் நடந்த ஆட்டம், இன்று எந்நேரமும் கைக்குள் இருக்கிறது. அதனால் வந்த கடனும் தற்கொலைகளும் தமிழ்நாட்டைச் சட்டத்தை நோக்கித் தள்ளின. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேறி 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை விலக்கின. ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்தை நிறுத்தின. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இவற்றை உறுதிசெய்தது. தூங்க வேண்டிய ஐந்து மணி நேரத்தை ஒரு குடும்பத்துக்குத் திருப்பித் தந்தது சிறிய காரியமல்ல. சலாப விதி எதுவும் ஆடுகிறவனின் வீட்டை நினைத்ததில்லை.

அதே 2025 மார்ச்சில், ஆன்லைன் விளையாட்டு நிறுவனங்களின் மூன்று கூட்டமைப்புகள் சேர்ந்து ஒரு நெறிமுறைச் சாசனத்தில் கையெழுத்திட்டன. வயதுச் சோதனை, செலவு வரம்பு, வேண்டியவர் தாமே விலகிக்கொள்ளும் வசதி, பொறுப்பான விளம்பரம், வெளியார் தணிக்கை எல்லாம் அதில் இருந்தன. நல்ல வாசகங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் எவ்வளவு நேரம் ஆடுகிறாரோ அவ்வளவுக்கு வருமானம் பெறும் நிறுவனமே அவரை நிறுத்தும் வரம்பையும் வகுத்தது. குவியலைப் பிரித்த கையே தேர்ந்தெடுக்கவும் செய்தது. எண்ணுவதும் கண்ணுக்குத் தெரியவில்லை; கணக்கு எங்கோ ஒரு கணினிக்குள் நடந்தது. பக்கத்தில் நின்று பார்க்கப் பங்காளியும் இல்லை, போட்டி வியாபாரியும் இல்லை.

அந்தச் சாசனம் முழுதாக நடைமுறைக்கு வரும் முன்பே, ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. பெரிய நிறுவனங்கள் உடனே பண ஆட்டங்களை நிறுத்தின. இந்தத் தடையை நான் வரவேற்கிறேன். ஆனால் கையெழுத்திட்ட நிறுவனங்கள் ஒதுங்கிய பிறகும், எந்தச் சாசனத்துக்கும் கட்டுப்படாத வெளிநாட்டுத் தளங்கள் கைப்பேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் ஆட்ட விதியை எழுதியது யார் என்பது ஆடுகிறவருக்குத் தெரியாது. தோற்ற பணத்துக்கு எந்த ஊரில் போய் முறையிடுவது என்பதும் தெரியாது.