விலையைப் பார்க்காதீர்கள், துளையைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர், லாப்டாப் என்றாலே, "அதெல்லாம் பிள்ளைகள் பாடு, நமக்கென்ன தெரியும்?" என்று அடுப்படிக்குள் நுழைந்துகொள்கிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பணம் எங்கிருந்து போகிறது? நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சீட்டுப் பணத்திலிருந்துதானே! ஐநூறு ரூபாய்ப் புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குகிற நாம், லட்ச ரூபாய் லாப்டாப்புக்கு மட்டும் கடைக்காரர் கைகாட்டியதும் பில் போடச் சொல்லிவிடுவது என்ன நியாயம்? நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைதான் படித்தவள். எனக்கே புரிந்த சமாச்சாரம் உங்களுக்குப் புரியாமல் போகாது.

எங்கள் பெரியவள் நிவேதா வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறாள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. மூலப்பிரதி ஒரு பக்கம், அமைக்கிற பக்கம் இன்னொரு பக்கம், பதிப்பகத்தார் அனுப்பும் திருத்தங்கள் வேறு. மூன்றையும் ஒரு சின்ன லாப்டாப் திரையிலேயே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. ராத்திரி கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிடுவது என் வேலை. அதோடு, தமிழ் எழுத்து இருக்கிறதே, அது கண்ணைச் சோதிக்கிற எழுத்து. 'க'வுக்கும் 'க்'குக்கும் நடுவே ஒரு புள்ளிதானே வித்தியாசம்? மங்கலான திரையில் அந்தப் புள்ளி இருக்கிறதா, இல்லையா என்று உற்று உற்றுப் பார்த்துக் கண் சிவந்துவிடும். "27 அங்குலத்துல ரெண்டு 4 கே மானிட்டர் இருந்தா போதும்மா, வேலை பாதி நேரத்துல முடிஞ்சிடும்" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய லாப்டாப்போ அதைத் தாங்காது. சீட்டு முடிந்து ரூ. 1,20,000 கைக்கு வந்ததும், சரி, வாங்கிவிடுவோம் என்று கிளம்பினோம்.

டவுனில் ஒரு பெரிய கடை. விஷயத்தைச் சொன்னதும் விற்பனைப் பையன் நேரே கேமிங் லாப்டாப் வரிசைக்கு அழைத்துப்போய்விட்டான். "ரெண்டு 4 கே மானிட்டர் ஓட்டணும்னா தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம முடியவே முடியாது மேடம். இதுதான் கரெக்ட்" என்றான். விலை ரூ. 1,18,000.

"அப்போ மானிட்டர் வாங்கப் பணத்துக்கு எங்கே போறது தம்பி?" என்றேன்.

"அதை இ.எம்.ஐ.ல போட்டுக்கலாம் மேடம்!"

வீட்டில் கலந்துகொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு, அந்த லாப்டாப்பின் மாடல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிட்டோம். என் நாத்தனார் மகன் கார்த்தி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். அன்று ராத்திரி போனில் அவன் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"அத்தே, மானிட்டர்ல தெரியற படம் நீங்க போடற புள்ளிக் கோலம் மாதிரிதான்" என்று ஆரம்பித்தான். சாதாரண ஃபுல் எச்.டி. திரையில் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. பெருக்கினால் ஏறக்குறைய 21 லட்சம். 4 கே திரையில் 3,840-க்கு 2,160. அதாவது ஏறக்குறைய 83 லட்சம். சரியாக நாலு மடங்கு! அதனால்தான் எழுத்து அச்சில் பார்ப்பதுபோல் பளிச்சென்று இருக்கிறது. இந்தக் கோலத்தை விநாடிக்கு 60 தடவை அழித்து அழித்துப் போட வேண்டும். 30 தடவை போட்டாலும் படம் தெரியும். ஆனால் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் எழுத்து துள்ளும். அரை மணியில் வெறுத்துவிடும்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கோலத்தை யோசித்துப் போடுவது ஒன்று. போட்டதை மானிட்டருக்கு அனுப்பிவைப்பது இன்னொன்று. சண்டை விளையாட்டில் மரம், மழை, வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அதற்குத்தான் தனி கிராபிக்ஸ் கார்டு. எழுத்து, கணக்கு, பக்கம் அமைப்பது, சினிமா பார்ப்பது இவற்றுக்கெல்லாம் யோசிக்கிற வேலை மிகக் கொஞ்சம். பிராசஸருக்கு உள்ளேயே சேர்ந்து வருகிற கிராபிக்ஸே தாராளமாகப் போதும். இரண்டு பேருக்கு இட்லி ஊற்ற யாராவது கல்யாணச் சமையல்காரரைக் கூப்பிடுவார்களா?

எத்தனை திரைக்கு அனுப்ப முடியும் என்பதற்கு ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் எண்ணிக்கை உண்டாம். இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை முதற்கொண்டு வந்த யு.எச்.டி. கிராபிக்ஸ் மூன்று திரை. 2020-இல் 11-ஆம் தலைமுறையோடு வந்த ஐரிஸ் எக்ஸ்இ நாலு திரை. லாப்டாப்பின் சொந்தத் திரையும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி. நமக்கு வேண்டியது மூன்றுதானே! ஒரு 4 கே படம் மெமரியில் அடைக்கிற இடம் சுமார் 33 எம்.பி. 16 ஜி.பி. மெமரியில் அது மூட்டைக்குள் கடுகு. முடியவே முடியாது என்று அந்தப் பையன் அடித்துச் சொன்னானே, அதை நினைத்து எனக்குக் கோபமாக வந்தது.

மெமரி என்றதும் ஞாபகம் வருகிறது. உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது; லாப்டாப்பின் மெமரியிலிருந்துதான் பங்கு எடுத்துக்கொள்ளும். ஆகையால் 8 ஜி.பி.யோடு நிறுத்தாமல் 16 வாங்குவது நல்லது. அதையும் ஒரே 16 ஆக இல்லாமல் இரண்டு 8 ஆகப் போட்டிருந்தால் வேகம் கூடும். ஐரிஸ் எக்ஸ்இ உள்ள லாப்டாப்பில் ஒற்றை மெமரி மட்டும் இருந்தால், அது தன் பெயரையே வெறும் யு.எச்.டி. என்று காட்டிக்கொண்டு மெதுவாக ஓடுமாம். இரட்டை மாட்டுக்கு ஒற்றை மாடு!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சிப் நாலு திரைக்கு அனுப்பத் தயாராக இருந்தாலும், வெளியே வர வழி வேண்டாமா? அந்த வழிதான் லாப்டாப்பின் ஓரத்தில் கேபிள் சொருகுகிற துளை. போர்ட் என்பார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே எல்லாம் ஒன்றல்ல.

எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1.4 என்ற வகையில் 4 கே படம் விநாடிக்கு 30 தடவைதான் போகும். 2013-இல் வந்த 2.0 வகையில் 60 தடவை போகும். விலை குறைந்த லாப்டாப்களில் பழைய 1.4 வகையையே பொருத்தி அனுப்புவது சகஜம். வெளியிலிருந்து பார்த்தால் கடவுளுக்கே தெரியாது! அதேபோல டைப் சி. நம் போனுக்குச் சார்ஜ் போடுகிறோமே, அதே சின்ன நீள்வட்டத் துளைதான். சிலதில் படமும் போகும். சிலதில் பென் டிரைவ் போட்டுத் தகவல் மாற்றலாம், அவ்வளவுதான். மானிட்டரை மாட்டினால் ஒன்றும் வராது. பக்கத்தில் 'டி' எழுத்துக்குள் 'பி' எழுத்து வைத்த சின்ன அடையாளம் இருந்தால் படம் போகும். அம்பு முனை வைத்த மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட். தண்டர்போல்ட் 4 என்றால், 60 தடவைக் கணக்கில் இரண்டு 4 கே மானிட்டரைத் தாங்கியே தீர வேண்டும் என்பது அதற்கு விதித்த நிபந்தனை. அடையாளமே போடாத கம்பெனிகளும் உண்டு. அதனால் தயாரித்த கம்பெனி வெளியிட்டிருக்கும் விவரத் தாளை மாடல் எண் வைத்துப் பார்த்துவிடுவதுதான் உத்தமம்.

கார்த்தி அந்த ரூ. 1,18,000 லாப்டாப்பின் விவரத் தாளைத் திறந்து படித்தான். படம் போக ஒரே ஓர் எச்.டி.எம்.ஐ. டைப் சி ஒன்று இருக்கிறது. ஆனால் தகவலுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. அதாவது, அத்தனை பெரிய கிராபிக்ஸ் கார்டை உள்ளே வைத்துக்கொண்டு, நேராக மாட்டினால் ஒரே ஒரு வெளி மானிட்டர்தான்! நிவேதா என்னையும் நான் அவளையும் பார்த்துக்கொண்டோம். சீட்டுப் பணம் மொத்தத்தையும் கொட்டியிருந்தால், மானிட்டருக்குப் பணமும் மிஞ்சியிருக்காது, இரண்டாவதை மாட்ட இடமும் இருந்திருக்காது.

கேமிங் லாப்டாப்பே வேண்டாத சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைகிற மாணவிகள், வீடியோ வெட்டி ஒட்டி ஜாலங்கள் சேர்க்கிறவர்கள், 4 கே-யில் விளையாட்டே ஆடுகிறவர்கள், இவர்களுக்குத் தனி கார்டு கட்டாயம் வேண்டும். உள்ளே இருப்பது திணறிவிடும். எழுத்து வேலைக்கு வாங்கினால்தான் தொந்தரவு. இப்படிப்பட்ட பல லாப்டாப்களில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டை நேரே கார்டோடு இணைத்திருப்பார்கள். மானிட்டர் மாட்டியிருக்கிற வரை கார்டு தூங்காது. சூடு, விசிறிச் சத்தம், கரண்டு எல்லாம் கூடும். வெயில் காலத்தில் அந்தச் சூட்டின் பக்கத்தில் பெண் நாள் முழுக்க உட்கார வேண்டும்!

ஆப்பிள் கம்பெனி மாக்புக் ஏர் பற்றியும் இரண்டு வார்த்தை. செகண்ட் ஹாண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது என்று பலர் தேடுகிறார்கள். 2020-இல் வந்த எம் 1, 2022-இல் வந்த எம் 2 இரண்டிலும் வெளி மானிட்டர் ஒன்றுதான். 2024-இல் வந்த எம் 3-இல் இரண்டு மாட்டலாம். ஆனால் லாப்டாப்பை மூடி வைக்க வேண்டும். 2025-இல் வந்த எம் 4-இல்தான் திறந்தபடியே இரண்டு. ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் சாதாரண ஹப் வாங்கி மாட்டினாலும் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும். டிஸ்ப்ளேலிங்க் என்ற வகை டாக் வாங்கினால் பழைய எம் 1-இலும் இரண்டு திரை கிடைக்கும். அது மென்பொருள் போட்டுப் படத்தைச் சுருக்கி யு.எஸ்.பி. வழியாக அனுப்புகிற ஏற்பாடு. பிராசஸருக்குக் கூடுதல் வேலை. சில சினிமாத் தளங்கள் அதில் படம் காட்டாமல் கறுப்பாக நிற்கும். எழுத்து வேலைக்குக் குற்றமில்லை.

கடைசியில் நாங்கள் வேறொரு கடையில் எடுத்தது ரூ. 71,000-க்கு ஒரு சாதாரண ஆபீஸ் லாப்டாப். தனி கார்டு கிடையாது. ஐரிஸ் எக்ஸ்இ, இரண்டு 8 ஜி.பி. மெமரி, எச்.டி.எம்.ஐ. 2.0 ஒன்று, தண்டர்போல்ட் 4 இரண்டு. 27 அங்குல 4 கே மானிட்டர் இரண்டு ரூ. 42,000. பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே இரண்டையும் மாட்டிக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார். அதற்குப் பார்த்தால் ஆகுமா? குக்கர் வாங்கினாலே மூடி போட்டுப் பார்க்கிறோம்! விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால், ஒவ்வொரு மானிட்டரும் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று எண்ணில் காட்டும். ஒன்றில் 60 வந்தது. மற்றதில் 30! லாப்டாப் சரி, மானிட்டர் சரி. கடையில் கிடந்த பழைய எச்.டி.எம்.ஐ. கேபிள்தான் குற்றவாளி. 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்று போட்ட கேபிளை மாற்றியதும் அதுவும் 60-க்கு வந்துவிட்டது. டைப் சி கேபிளிலும் இந்த வம்பு உண்டு. போனோடு வருகிற சார்ஜ் கேபிளில் பெரும்பாலும் படம் போகாது. கேபிள்களுக்கு ரூ. 2,300 ஆயிற்று. மிச்சம் ரூ. 4,700-இல் முதுகுக்குச் சாய்மானம் உள்ள ஒரு நாற்காலியும் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் இருக்கும். பயப்பட வேண்டாம். அதே டிஸ்ப்ளே பக்கத்தில் ஸ்கேல் என்பதை 150 சதவீதம் வைத்தால் பழைய அளவுக்கு வரும், கூர்மையும் குறையாது. மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். கை நீட்டினால் எட்டுகிற தூரம். அதிகம் பார்க்கிற மானிட்டர் முகத்துக்கு நேரே, மற்றது பக்கத்தில் கொஞ்சம் சாய்வாக. இரண்டையும் சமமாக வைத்து நடுவில் உட்கார்ந்தால் எப்போதும் கழுத்து ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். கண்ணுக்கு, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் இருக்கிற எதையாவது 20 விநாடி பார்ப்பது. எங்கள் வீட்டில் அதற்கு எதிர்வீட்டு முருங்கை மரம். தைலப் புட்டி இப்போது அலமாரியில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் எடுத்தால் அதிகம்.

கரண்டுக்கு என்ன செய்வது என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார்கள். இந்த அளவு மானிட்டர் ஒன்றுக்கு 30, 40 வாட்ஸ்தான். இரண்டும் சேர்ந்தால் பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுக்கிற அளவு. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அந்த லைனிலேயே மாட்டிக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் இல்லாவிட்டாலும் லாப்டாப் பாட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர்களில் திறந்திருந்ததெல்லாம் லாப்டாப் திரைக்கு வந்துவிடும். கரண்டு வந்ததும் மறுபடி பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.